கொல்கத்தா டிராம்: மெதுவான வண்டியா, வழி மறிக்கப்பட்ட வண்டியா?

இந்தியாவில் டிராம் வண்டிகள் எஞ்சியிருக்கும் ஒரே நகரம் கொல்கத்தா. 1873ஆம் ஆண்டில் குதிரைகள் இழுத்துச் சென்ற பெட்டிகளுடன் அங்கு முதன்முதலாகத் தொடங்கிய இச்சேவை, 2023ஆம் ஆண்டில் 150 ஆண்டுகளை நிறைவு செய்தது. அதற்கு அடுத்த ஆண்டே, 2024 செப்டம்பரில், மைதானப் பகுதிக்கும் எஸ்பிளனேடுக்கும் இடையிலான பாரம்பரியத் தடத்தைத் தவிர மற்ற வழித்தடங்களில் டிராம் சேவை கைவிடப்படும் என மேற்கு வங்கப் போக்குவரத்துத் துறை அமைச்சர் சினேகாஷிஸ் சக்ரவர்த்தி அறிவித்தார்.

கொல்கத்தாவின் மொத்தப் பரப்பில் சாலைகளின் பங்கு 6 சதவீதம் மட்டுமே என்பதும், மெதுவாகச் செல்லும் டிராம்களால் போக்குவரத்து நெரிசல் ஏற்படுகிறது என்பதும் அப்போது அரசுத் தரப்பில் கூறப்பட்ட காரணங்கள். டிராம் பயணிகள் சங்கமும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் இதனை ஏற்க மறுத்தன. டிராம் இயல்பிலேயே மெதுவான வாகனம் இல்லை என்றும், அதன் பாதை படிப்படியாகப் பறிக்கப்பட்டதே வேகக் குறைவுக்குக் காரணம் என்றும் அவை வாதிட்டன.

ஒரு நகரம் தனது போக்குவரத்துச் சேவை ஒன்றை 'வசதியற்றது' எனக் கருதத் தொடங்குவது எவ்வாறு? அந்த வசதிக்குறைவு வாகனத்தின் குறையா, நிர்வாக முடிவுகளின் விளைவா? இலகு ரக ரயில் திட்டங்களைப் பல இந்திய நகரங்கள் பரிசீலித்து வரும் சூழலில், கொல்கத்தாவின் அனுபவம் நாடு முழுவதற்கும் பொருந்தக்கூடிய பாடமாக உள்ளது.

டிராம் இயங்கும் முறை

சாலையின் தளத்தோடு சமமாகப் பதிக்கப்பட்ட தண்டவாளத்தில், மேலே செல்லும் கம்பியிலிருந்து மின்சாரம் பெற்று ஓடும் வண்டியே டிராம். கொல்கத்தாவில் 550 வோல்ட் நேர்மின்னோட்டம் பயன்படுத்தப்படுகிறது. வண்டியின் கூரையில் உள்ள நீண்ட கம்பம் மின்கம்பியைத் தொட்டபடி செல்லும். ஓட்டுநர் காலால் மிதித்து ஒலிக்கும் மணியே அதன் எச்சரிக்கை ஒலி.

இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின் மீது உருள்வதால் உராய்வு குறைவு. ஒரே அளவு சுமையை இழுக்கப் பேருந்தைவிடக் குறைந்த ஆற்றலே தேவைப்படும். வண்டியிலிருந்து புகை வெளியேறாது. முறையான பராமரிப்பு இருந்தால் பெட்டிகள் பல பதிற்றாண்டுகள் உழைக்கும்.

இதே அமைப்பில் ஒரு பலவீனமும் உள்ளது. தண்டவாளத்தை விட்டு டிராம் விலகிச் செல்ல முடியாது. எதிரே ஒரு கார் நிறுத்தப்பட்டிருந்தால் பேருந்து அதனைச் சுற்றிச் சென்றுவிடும். டிராமோ அந்தக் கார் நகரும் வரை காத்திருக்க வேண்டும். அதன் பின்னால் வரும் டிராம்களும் காத்திருக்க வேண்டும். ஆகவே பாதை தடையின்றி இருந்தால் மட்டுமே டிராமின் நன்மைகள் பயணிகளைச் சென்றடையும். கொல்கத்தா டிராமின் வளர்ச்சியையும் தேய்வையும் புரிந்துகொள்ள இந்த ஓர் உண்மை போதுமானது.

குதிரையிலிருந்து மின்சாரத்துக்கு

1873 பிப்ரவரி 24ஆம் தேதி சியால்தாவுக்கும் ஆர்மீனியன் படித்துறைக்கும் இடையே, சுமார் 3.9 கிலோமீட்டர் தொலைவுக்கு முதல் குதிரை டிராம் ஓடியது. போதிய பயணிகள் இல்லாததால் அதே ஆண்டு நவம்பரில் அது நிறுத்தப்பட்டது. 1880ஆம் ஆண்டில் கல்கத்தா டிராம்வேஸ் நிறுவனம் லண்டனில் பதிவு செய்யப்பட்டு, சேவை மீண்டும் உயிர்பெற்றது. 1902 மார்ச் மாதத்தில் எஸ்பிளனேடுக்கும் கிதர்பூருக்கும் இடையே மின்சார டிராம் அறிமுகமானது.

அடுத்த சில பதிற்றாண்டுகளில் தண்டவாளங்கள் நகரின் பெரும்பாலான முக்கியச் சாலைகளை எட்டின. சந்தைகள், கல்லூரிகள், நீதிமன்றங்கள், அலுவலகங்கள் ஆகியவை டிராம் நிறுத்தங்களை ஒட்டி அமைந்தன. 1943ஆம் ஆண்டில் புதிய ஹவுரா பாலம் திறக்கப்பட்டபோது அதனை முதலில் கடந்த வாகனம் ஒரு டிராம்தான்.

டிராம் சேவை பெற்ற நகரங்களில் கொல்கத்தா ஒன்று மட்டுமே. மும்பை, தில்லி, கான்பூர், சென்னை ஆகிய நகரங்களிலும் டிராம்கள் ஓடின. மின்சார டிராமைப் பொறுத்தவரை சென்னையே முன்னோடி. அங்கு 1895ஆம் ஆண்டிலேயே, கொல்கத்தாவுக்கு ஏழு ஆண்டுகள் முன்பாக, மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. நட்டத்தில் மூழ்கிய நிலையில் 1953 ஏப்ரலில் சென்னையின் சேவை முடிவுக்கு வந்தது. தில்லியில் 1963ஆம் ஆண்டிலும் மும்பையில் 1964ஆம் ஆண்டிலும் டிராம்கள் விடைபெற்றன.

காலணாவுக்காக எழுந்த போராட்டம்

சென்னையில் டிராம் நின்று சில மாதங்களே ஆன நிலையில், 1953 ஜூலையில் கொல்கத்தா டிராமின் பெயர் நாடெங்கும் ஒலித்தது. அப்போதும் பிரிட்டிஷ் நிறுவனத்தின் வசமிருந்த டிராம் சேவையின் இரண்டாம் வகுப்புக் கட்டணம் ஒரு பைசா உயர்த்தப்பட்டது. அன்றைய ஒரு பைசா என்பது காலணா. ஒரு ரூபாயில் 64இல் ஒரு பங்கு.

இந்த உயர்வை எதிர்த்து மக்கள் வீதிக்கு வந்தனர். பழைய கட்டணத்தை மட்டுமே செலுத்துவோம் என்று பயணிகள் மறுத்தனர். புறக்கணிப்பு, கடையடைப்பு, கைது எனப் போராட்டம் மாதம் முழுவதும் நீடித்தது. இறுதியில் கட்டண உயர்வு கைவிடப்பட்டது.

ஒரு பைசா உயர்வு நகரையே உலுக்கியதற்குக் காரணம் எளிது. எழுத்தர், தொழிலாளி, மாணவர், நாட்டுப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்து குடியேறிய அகதி என நகரின் பெரும்பகுதியினர் அன்றாடம் நம்பியிருந்த வாகனமாக டிராம் இருந்தது. மக்கள் அதனைத் தங்கள் உரிமையாகக் கருதினர். டிராம் குறித்த பொதுமக்கள் பார்வை பின்னாளில் எவ்வளவு மாறியது என்பதை அளக்க இந்தப் போராட்டமே சரியான அளவுகோல்.

1967ஆம் ஆண்டில் நிர்வாகம் மாநில அரசின் கைக்கு வந்தது. 1976ஆம் ஆண்டில் நிறுவனம் முழுமையாக அரசுடைமையானது.

வசதி குறைந்த விதம்

டிராமின் சுருக்கம் ஒரே நாளில் நிகழவில்லை. 1970களின் தொடக்கத்திலேயே ஹவுரா நகருக்குள் ஓடிய தடங்கள் மூடப்பட்டன. 1984ஆம் ஆண்டில் நாட்டின் முதல் மெட்ரோ ரயில் கொல்கத்தாவில் தொடங்கியது. ஆயினும் அடுத்த இரண்டு ஆண்டுகளில் மாணிக்தலாவிலிருந்து உல்டாடாங்காவுக்கும், பேஹாலாவிலிருந்து ஜோகாவுக்கும் டிராம் தடங்கள் நீட்டிக்கப்பட்டன. 1980களின் நடுப்பகுதி வரை டிராமை விரிவாக்கும் எண்ணம் அரசுக்கு இருந்தது என்பதை இது காட்டுகிறது.

திருப்பம் அதன் பிறகே ஏற்பட்டது. 1992ஆம் ஆண்டில் டிராம் நிறுவனமே பேருந்துகளை இயக்கத் தொடங்கியது. பாலத்தின் சுமையைக் காரணம் காட்டி, 1993ஆம் ஆண்டில் ஹவுரா பாலத்தின் மீது டிராம் ஓடுவது நிறுத்தப்பட்டது. நாள்தோறும் பல லட்சம் பேர் வந்திறங்கும் ஹவுரா ரயில் நிலையத்துடன் டிராமுக்கு இருந்த நேரடித் தொடர்பு இதனால் அறுந்தது.

இதைவிட ஆழமான மாற்றம் சாலைகளின் நடுவே நிகழ்ந்தது. பல அகலமான சாலைகளில் டிராம் தண்டவாளங்கள் நடுத்திட்டில், மற்ற வாகனங்கள் ஏற முடியாத தனித்தடத்தில் அமைந்திருந்தன. வாகனப் பெருக்கத்தைச் சமாளிக்க அந்தத் தனித்தடங்கள் படிப்படியாக அகற்றப்பட்டு, தண்டவாளங்களைச் சுற்றிக் கான்கிரீட் தளம் போடப்பட்டது. கார்களுக்கும் பேருந்துகளுக்கும் கூடுதல் இடம் கிடைத்தது. டிராமோ அந்த வாகனங்களின் வரிசையில் சிக்கிக்கொண்டது.

பயணிகளுக்கு இதன் விளைவு இரு மடங்கானது. முதலாவது, வண்டியின் வேகம் குறைந்தது. இரண்டாவது, ஏறி இறங்கும் இடம் ஆபத்தானதாக மாறியது. நடுத்திட்டில் நின்று பாதுகாப்பாக ஏறிய பயணி, இப்போது நடைபாதையிலிருந்து ஓடும் வாகனங்களுக்கு இடையே புகுந்து சாலையின் நடுவே சென்று ஏற வேண்டியதாயிற்று. முதியோருக்கும் குழந்தைகளுடன் வருவோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் டிராம் இதனால் எட்டாத வாகனமானது. உயரமான படிகளும் அவர்களுக்குத் தடையாக இருந்தன.

பின்னர் மெட்ரோ கட்டுமானம், மேம்பாலப் பணி, பழைய பாலங்களின் வலு குறித்த அச்சம் எனப் பல காரணங்களால் தடங்கள் ஒவ்வொன்றாக 'தற்காலிகமாக' நிறுத்தப்பட்டன. ஜோகா தடமும் பி.பா.தீ. பாக் பகுதியின் டிராம் முனையமும் மெட்ரோ பணிகளுக்கு வழிவிட்டன. 2018 செப்டம்பரில் மாஜேர்ஹாட் பாலம் இடிந்து விழுந்த பின், பழைய பாலங்கள் மீது டிராமின் சுமை கூடுதல் ஆய்வுக்குள்ளானது. 2020 மே மாதம் வீசிய அம்பன் புயல் மின்கம்பிகளைச் சேதப்படுத்தியது. இவ்வாறு நிறுத்தப்பட்ட தடங்களில் பல மீண்டும் திறக்கப்படவே இல்லை.

காத்திருப்பின் கணக்கு

ஒரு போக்குவரத்துச் சேவையின் வசதியை மதிப்பிடும்போது வேகத்தையே பலரும் முதலில் பேசுகின்றனர். நகருக்குள் குறுகிய தொலைவு செல்லும் பயணிக்கு வேகத்தைவிடக் காத்திருக்கும் நேரமே பெரும்பாலும் முக்கியமானது. எளிய கணக்கு ஒன்று இதனை விளக்கும்.

நான்கு கிலோமீட்டர் பயணம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் அதற்கு 20 நிமிடங்கள் ஆகும். வேகம் 16 கிலோமீட்டராக உயர்ந்தால் 15 நிமிடங்கள் போதும். மிச்சம் ஐந்து நிமிடங்கள். இனி காத்திருப்பைப் பார்ப்போம். பத்து நிமிடங்களுக்கு ஒரு வண்டி சீராக வந்தால், ஒரு பயணி சராசரியாக ஐந்து நிமிடங்கள் காத்திருப்பார். வண்டிகளைக் குறைத்து 40 நிமிடங்களுக்கு ஒன்று என ஆக்கினால் சராசரிக் காத்திருப்பு 20 நிமிடங்களாகும். கூடுதல் இழப்பு 15 நிமிடங்கள். வேகத்தை உயர்த்திக் கிடைக்கும் பலனைப் போல் மும்மடங்கை வண்டிகளைக் குறைப்பது பறித்துவிடுகிறது.

அடுத்த வண்டி எப்போது வரும் என்பது உறுதியாகத் தெரியாவிட்டால் நிலைமை மேலும் மோசமாகும். அலுவலகம் செல்பவர் அத்தகைய சேவையை நம்பி வீட்டை விட்டுக் கிளம்ப மாட்டார். அவர் குறிப்பிட்ட தடங்களில் ஓடும் பங்கு ஆட்டோவையோ பேருந்தையோ மெட்ரோவையோ நாடுவார். பயணிகள் குறைந்தவுடன் வருவாய் குறையும். வருவாய் குறைந்தால் வண்டிகளும் குறைக்கப்படும். வண்டிகள் குறைந்தால் எஞ்சிய பயணிகளும் விலகுவர். இறுதியில், 'டிராமில் யாரும் ஏறுவதில்லை' என்ற வாதத்துக்கு அதுவே சான்றாகக் காட்டப்படும்.

பத்து ஆண்டுகளுக்கு முன் இருபதுக்கும் மேற்பட்டிருந்த வழித்தடங்கள், 2024ஆம் ஆண்டு அறிவிப்பு வெளியானபோது ஷியாம்பஜார்–எஸ்பிளனேட், கரியாஹாட்–எஸ்பிளனேட் போன்ற ஓரிரு தடங்களாகச் சுருங்கியிருந்தன.

எதிர்த் தரப்பின் நியாயங்கள்

டிராமை நிறுத்த வேண்டும் என்போரின் வாதங்களைப் புறந்தள்ளிவிட முடியாது. கொல்கத்தாவின் பழைய பகுதிகளில் சாலைகள் குறுகலானவை. அங்கு டிராமுக்கெனத் தனித்தடம் ஒதுக்குவது எளிதன்று. ஒரு டிராம் பழுதாகி நின்றால் அந்தச் சாலை முழுவதும் ஸ்தம்பிக்கிறது.

மழைக்காலத்தில் தண்டவாளப் பள்ளத்தில் இரு சக்கர வாகனங்களின் சக்கரம் சிக்கி வழுக்கிவிடுவது நீண்டகாலப் புகார். டிராம் ஓடாத சாலைகளிலும் தண்டவாளங்கள் அகற்றப்படாமல் கிடப்பது இந்த ஆபத்தைக் கூட்டுகிறது. மெட்ரோ புதிய பகுதிகளுக்கு விரிவடைந்துள்ள நிலையில், அதே திசையில் டிராமும் எதற்கு என்ற கேள்வியும் எழுகிறது.

இந்த வாதங்களுக்கு டிராம் ஆதரவாளர்கள் அளிக்கும் பதில், சாலையின் பயனை வாகன எண்ணிக்கையால் அளக்கக் கூடாது என்பது. ஒரு மணி நேரத்தில் எத்தனை மனிதர்கள் கடக்கிறார்கள் என்பதே அளவாக இருக்க வேண்டும் என்கின்றனர். அமெரிக்க நகரப் போக்குவரத்து அதிகாரிகள் சங்கத்தின் வடிவமைப்பு வழிகாட்டி, கார்கள் ஓடும் ஒரு தடத்தில் மணிக்கு 600 முதல் 1,600 பேர் வரையே செல்ல முடியும் எனக் கூறுகிறது. அதே அகலத்தைப் பேருந்துக்கோ டிராமுக்கோ தனித்தடமாக ஒதுக்கினால் 10,000 பேருக்கும் மேல் செல்லலாம் என்பது அதன் மதிப்பீடு. சாலைகள் 6 சதவீதமே உள்ள நகரில்தான் இத்தகைய சிக்கனம் மிகவும் தேவை என்பது அவர்கள் வாதம். மையப் பகுதிகளில் உள்ள பணிமனை நிலங்களின் சந்தை மதிப்பையும் அவர்கள் சுட்டிக்காட்டுகின்றனர்.

உரிமையிலிருந்து நினைவுப்பொருளுக்கு

பொதுமக்களின் பார்வை ஒரே தன்மையுடையதாக இல்லை. கார் அல்லது இரு சக்கர வாகனம் ஓட்டுபவருக்கு டிராம் ஓர் இடையூறு. ஓய்வு பெற்றவருக்கு அது அவசரமற்ற பயணம். கல்லூரி மாணவருக்கு ஏழு ரூபாய்க்குக் கிடைக்கும் மலிவான பயணம். சுற்றுலாப் பயணிக்கு அது படம் பிடிக்கத் தகுந்த காட்சி.

வங்காளப் பண்பாட்டில் டிராமுக்குத் தனி இடமுண்டு. சத்யஜித் ராயின் 'மகாநகர்' திரைப்படம் மின்கம்பியைத் தொட்டபடி நகரும் டிராம் கம்பத்தின் காட்சியுடனேயே தொடங்குகிறது. புகழ்பெற்ற கவிஞர் ஜீவனானந்த தாஸ் 1954 அக்டோபரில் டிராம் மோதிக் காயமடைந்து உயிரிழந்தார். டிராமையே நகரின் அடையாளமாகக் கருதும் மெல்போர்னுடன் 1996ஆம் ஆண்டு தொடங்கிய 'டிராம் ஜாத்ரா' என்ற கலை நிகழ்வும் இரு நகரங்களுக்கும் இடையிலான நட்பின் அடையாளமாக நீடித்தது.

இந்த அன்பே சேவைக்கு எதிராகவும் திரும்பக்கூடும் என்பது கவனிக்கத் தக்கது. 'பாரம்பரியம்' என்ற சொல் டிராமைக் காக்கும் கவசமாகத் தெரிகிறது. அதே சொல், டிராம் கடந்த காலத்துக்குரியது என்ற எண்ணத்தையும் உறுதிப்படுத்துகிறது. மைதானத்தின் ஓரமாகச் சிறிது தொலைவு ஓடும் அலங்கார வண்டி நினைவுகளைக் காக்கும். காலையில் கரியாஹாட்டிலிருந்து வேலைக்குக் கிளம்பும் பணிப்பெண்ணுக்கு அதனால் பயன் ஏதுமில்லை. டிராம் போக்குவரத்தா, காட்சிப்பொருளா என்பதே இன்றைய சர்ச்சையின் மையம்.

நீதிமன்றத்தில் வழக்கு

டிராம் சேவையைக் காக்கக் கோரித் தொடரப்பட்ட பொதுநல வழக்கை கல்கத்தா உயர் நீதிமன்றம் விசாரித்தது. தமிழகத்தைச் சேர்ந்தவரும் அப்போதைய தலைமை நீதிபதியுமான டி.எஸ். சிவஞானம் தலைமையிலான அமர்வு, டிராம் சேவையைப் பராமரித்து மீட்டெடுக்கும் வழிகளை ஆராய 2023ஆம் ஆண்டில் குழு அமைக்க உத்தரவிட்டது. தண்டவாளங்கள் மீது தார் ஊற்றி மூடப்படுவது குறித்தும் நீதிமன்றத்தில் கேள்வி எழுந்தது.

தண்டவாளம் மூடப்படுவது ஏன் முக்கியமானது? வண்டிகளை மீண்டும் வாங்கலாம். கம்பிகளை மீண்டும் இழுக்கலாம். நகரின் நடுவே நூறாண்டுகளுக்கு மேலாக இருந்துவரும் பாதையின் மீதான உரிமை ஒருமுறை கைவிடப்பட்டால், அதனை மீண்டும் பெறுவது மிகக் கடினம்.

கைவிட்டு மீட்டெடுத்த நகரங்கள்

இதற்கு வெளிநாடுகளில் முன்னுதாரணங்கள் உண்டு. 1930களில் டிராமைக் கைவிட்ட பாரிஸ் பெருநகரப் பகுதி 1992ஆம் ஆண்டில் அதனை மீண்டும் கொண்டு வந்தது. 1952ஆம் ஆண்டில் கடைசி டிராமை நிறுத்திய லண்டனில், 2000ஆம் ஆண்டில் கிராய்டன் பகுதியில் டிராம் திரும்பியது. மீண்டும் நிலம் ஒதுக்கி, மீண்டும் தண்டவாளம் பதித்து, பெரும் பொருட்செலவில் இவை நிறைவேறின. டிராமைக் கைவிடாத மெல்போர்ன், சுமார் 250 கிலோமீட்டர் நீளமுள்ள உலகின் மிகப் பெரிய டிராம் வலையமைப்பை இன்று கொண்டுள்ளது.

இந்தியாவிலும் இதே தொழில்நுட்பம் புதிய பெயரில் பேசப்படுகிறது. மெட்ரோ ரயிலுக்குப் போதிய பயணிகள் இல்லாத நகரங்களுக்காக, 'மெட்ரோலைட்' என்ற இலகு ரக ரயிலுக்கான தர வரையறைகளை மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகம் 2019ஆம் ஆண்டில் வெளியிட்டது. மூன்று பெட்டிகள், ஏறத்தாழ 300 பயணிகள், வழக்கமான மெட்ரோவின் செலவில் சுமார் 40 சதவீதம் என்பன அதன் முக்கிய அம்சங்கள். இரண்டாம் நிலை நகரங்களிலும் பெருநகரங்களின் புறநகர்ப் பகுதிகளிலும் இத்தொழில்நுட்பம் பயன்படுத்தப்படும் என்று மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் 2021ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கை உரையில் தெரிவித்தார். ஜம்மு, ஸ்ரீநகர், கோரக்பூர் ஆகிய நகரங்களுக்கு இவ்வகைத் திட்டங்கள் முன்மொழியப்பட்டன.

சாலை மட்டத்தில் ஓடும் மெட்ரோலைட்டுக்கு அந்த வரையறைகள் விதிக்கும் அடிப்படை நிபந்தனை ஒன்று உண்டு: மற்ற வாகனங்களிலிருந்து பிரிக்கப்பட்ட தனிப்பாதை. கொல்கத்தா டிராம் இழந்ததும் அதுவே.

அடுத்து என்ன?

குறுகிய சாலைகளில் டிராம் ஓட வேண்டியதில்லை என்பதைப் பல ஆதரவாளர்களும் ஏற்கின்றனர். அகலமான சாலைகளில் தனித்தடத்தை மீட்டல், நடைபாதையிலிருந்து பாதுகாப்பாக ஏறும் நிறுத்தங்கள், மெட்ரோ நிலையங்களுடன் இணைப்பு, வண்டி வரும் நேரத்தை முன்கூட்டியே அறிவித்தல் ஆகியவையே அவர்கள் முன்வைக்கும் கோரிக்கைகளின் சாரம். இவற்றுள் எதற்கும் புதிய தொழில்நுட்பம் தேவையில்லை. சாலையின் ஒரு பகுதியைத் தனியார் வாகனங்களிடமிருந்து திரும்பப் பெறும் அரசியல் துணிவே தேவை.

புதிய இலகு ரக ரயிலுக்குத் திட்டமிடும் நகரங்களுக்கும் இது எச்சரிக்கை. தண்டவாளத்தையும் பெட்டிகளையும் நிதியைக் கொண்டு வாங்கிவிடலாம். தனிப்பாதை, அடிக்கடி வரும் வண்டி, பத்திரமாக ஏறும் நிறுத்தம் ஆகிய மூன்றும் நாள்தோறும் காக்கப்பட வேண்டியவை. அவை இல்லாவிட்டால் எத்தனை நவீன வண்டியாக இருந்தாலும், சில ஆண்டுகளில் மக்கள் அதனை 'வசதியற்றது' என்றே அழைப்பர்.